குமாரபாளையத்துத் தறிச் சத்தத்தை எலக்ட்ரானிக் இசையாக்குவது எப்படி?

கேள்வி, சுருக்கமாக: "எங்கள் ஊர் குமாரபாளையம். விசைத்தறி, காவிரிப் பாலம், சந்தை என்று ஊரின் ஒலிகளைப் போனில் பதிவு செய்து எலக்ட்ரானிக் இசை அமைத்துப் பார்த்தேன். ஒரு டிரம் பீட்டுக்கு மேல் தறிச் சத்தத்தைப் போட்டால் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. எங்கே தவறுகிறது? எப்படிச் செய்ய வேண்டும்?"

பதில்:

முதலில் அந்த டிரம் பீட்டை எடுத்துவிடுங்கள். கோளாறு தறியில் இல்லை, பீட்டில்தான் இருக்கிறது. நாடா (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை) ஓடும் சாதாரண விசைத்தறி பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 180 ஊடை, அதாவது குறுக்கு இழை, வரை போடும். கிளப்புகளில் ஒலிக்கும் ஹவுஸ், டெக்னோ இசையின் வேகமும் கிட்டத்தட்ட இந்த எல்லைக்குள்தான் வருகிறது. தறி 150-இல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் 128-இல் ஒரு கிக் டிரம்மைப் போட்டால், ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்காத இரண்டு தவில்காரர்களை ஒரே மேடையில் உட்காரவைத்த மாதிரிதான். காது ஒன்றைத் தாளமாக ஏற்றுக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கப்படுவது எப்போதும் உங்கள் ஊராகவே இருக்கும், ஏனென்றால் டிரம்தான் துல்லியமாகவும் சுத்தமாகவும் ஒலிக்கிறது.

ஆகவே என் யோசனை இது: வேகத்தையும் சுருதியையும் ஊரிடமிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளைத் திறந்ததும் அது காட்டுகிற 120 என்ற வேகத்தையும் 440 ஹெர்ட்ஸ் என்ற சுருதியையும் ஊரின்மேல் ஏற்றாதீர்கள்.

வேகத்திலிருந்து ஆரம்பிப்போம். ஒரே ஒரு தறியின் பக்கத்தில் நின்று பதிவு செய்யுங்கள். 20 நொடியில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி மூன்றால் பெருக்கினால் அந்தத் தறியின் வேகம் வந்துவிடும். 147 வந்தால் ப்ராஜெக்டின் டெம்போவை 147 என்றே வையுங்கள். 150 என்று முழுசாக்க வேண்டாம். ஆபில்டன் போன்ற மென்பொருள்கள் ஒலியைத் தம் கட்டத்துக்குள் இழுத்துச் சரிசெய்யப் பார்க்கும். அந்த 'வார்ப்' வசதியை அணைத்துவிடுங்கள். தறியின் சின்னத் தள்ளாட்டங்கள் போய்விட்டால் எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய ஒரு லூப்தான் மிஞ்சும்.

இனி அந்த ஓர் அடிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 150 என்றால் ஒவ்வொரு ஊடைக்கும் 0.4 நொடி. அதற்குள் அடிகோல் நாடாவை உந்துகிறது, நாடா பாவின் (நீள இழைகளின்) நடுவே பறக்கிறது, எதிர்ப்பெட்டியில் மோதி நிற்கிறது, பண்ணை என்ற சீப்பு முன்னே வந்து ஊடையை அழுத்துகிறது. கீழே மோட்டாரும் பல்சக்கரமும் விடாமல் உறுமுகின்றன. அடுத்த அடி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். இடது அடியும் வலது அடியும் ஒருபோதும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை: தோல் பட்டையின் தேய்மானம் வேறு, பெட்டியின் இறுக்கம் வேறு. எனவே உண்மையான சுற்று இரண்டு அடிகள் கொண்டது. கண்ணை மூடிக் கேட்டால் ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் விழுவது புரியும்.

இதைவிடச் சுவையான ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறது. கட்டம் போட்ட லுங்கி நெய்யும் தறிகளில் ஊடையின் நிறத்தை மாற்ற நாடாப் பெட்டி ஏறி இறங்கும். அந்த இடத்தில் வழக்கமான அடிகளோடு இன்னொரு ஒலி சேரும். துணியின் கட்டம் எத்தனை ஊடைக்கு ஒருமுறை திரும்புகிறதோ, அத்தனை ஊடைக்கு ஒருமுறை அந்த ஒலி வரிசையும் திரும்பும். அதாவது லுங்கியின் கட்டம் காதுக்கும் கேட்கிறது. அதுதான் உங்கள் ஆவர்த்தனம். நான்கு நான்காக அடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, கட்டம் ஒருமுறை முழுசாகத் திரும்பும் அளவுத் துணியை மடியில் விரித்து ஊடைகளை எண்ணுங்கள். நீலம் 24, வெள்ளை 4, சிவப்பு 2, வெள்ளை 4 என்று ஒரு வரிசை கிடைத்தால், உங்கள் பாஸ் வரி எங்கே மாற வேண்டும், எங்கே ஒரு கணம் நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. (எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் துணி வேறு கணக்குச் சொல்லும்.) ஒரு புத்தகத்திலும் இல்லாத தாளம் நெசவாளி வீட்டுத் துணியில் கிடைப்பதை நினைத்தாலே எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

ஒரு தறி புரிந்தபிறகு இரண்டு தறிகளை எடுங்கள். ஒரே பட்டறையில், ஒரே மாதிரித் தறிகளாக இருந்தாலும் பெல்ட்டின் தளர்ச்சியால் வேகம் கொஞ்சம் மாறும். ஒன்று 150, மற்றது 147 என்றால், நிமிடத்துக்கு மூன்று அடி வித்தியாசம். இரண்டும் 20 நொடிக்கு ஒருமுறை சேர்ந்து விழும், பிறகு மெல்லப் பிரியும், ஒன்றின் இடைவெளியில் மற்றது வந்து உட்காரும், மறுபடி சேரும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் 1964-இல் பதிவுசெய்த ஒரு தெருப் பிரசங்கியின் குரலை 1965-இல் இரண்டு டேப் லூப்புகளில் ஓடவிட்டு, அவை தாமாக விலகுவதிலிருந்து ஒரு முழுப் படைப்பையே உண்டாக்கினார். அவர் இரண்டு டேப் இயந்திரங்களிடமிருந்து பெற்றதை உங்கள் ஊர்ப் பட்டறைகள் விடிய விடியச் செய்துகொண்டிருக்கின்றன. இரண்டு தறிகளையும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒன்றை இடக்காதிலும் மற்றதை வலக்காதிலும் வைத்து, இரண்டு நிமிடம் எதுவும் சேர்க்காமல் கேளுங்கள். எங்கே இசை தொடங்குகிறது என்று உங்கள் காதே காட்டும்.

அடுத்து சுருதி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரும் பழைய டியூப்லைட் சோக்கும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். 100 ஹெர்ட்ஸ் என்பது மேற்கத்திய ஜி ஸ்வரத்துக்குச் சற்று மேலே, சுமார் 35 சென்ட் கூடுதல் (பக்கத்துப் பக்கத்து ஸ்வரக் கட்டைகளுக்கு நடுவே நூறு சென்ட்). நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் தூக்கல். தறி ஓடும் ஒவ்வொரு தெருவுக்கும் அடியில் இந்தத் தம்பூரா ஓடிக்கொண்டிருக்கிறது. கனடாவின் இசையமைப்பாளர் முர்ரே ஷேஃபர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள வட அமெரிக்காவில் அந்த ரீங்காரம் பி ஸ்வரத்தை ஒட்டி ஒலிக்கிறது, ஐரோப்பாவில் நம்மைப்போல 50. ஒரு ஊரில் எப்போதும் அடியில் ஓடும் ஒலியை அந்த ஊரின் ஆதார ஒலியாகவும், அந்த ஊருக்கே உரிய ஒலியை அதன் அடையாள ஒலியாகவும் அவர் பிரித்துப் பார்த்தார். அவரும் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகக் குழுவினரும் 1973-இல் வான்கூவர் நகரின் ஒலிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். நீங்கள் செய்ய நினைக்கும் வேலைக்கு அது நேரடியான முன்னோடி.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? பதிவை ஆடாசிட்டி என்ற மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். மாறாமல் நீளும் கிடைக்கோடுகள் சுருதிகள், செங்குத்துக் கோடுகள் அடிகள். கிடைக்கோடு 100 ஹெர்ட்ஸில் இருந்தால் உங்கள் சிந்தசைசரின் ஃபைன் ட்யூனை 35 சென்ட் ஏற்றுங்கள், அதாவது ஏ ஸ்வரம் 440-க்குப் பதிலாக 449. இப்போது உங்கள் சிந்தசைசரின் சுருதி தறியோடு சண்டை போடாது. தறியைச் சிந்தசைசருக்கு ஏற்ப இழுப்பதைவிடச் சிந்தசைசரைத் தறிக்கு ஏற்ப நகர்த்துவது எளிது, மரியாதையும்கூட.

தாளத்தையும் சுருதியையும் ஒன்றாக்கவும் முடியும். ஓர் அடியின் ஒலியை மட்டும் நறுக்கி, பதிந்த ஒலியை வாத்தியம்போல் வாசிக்கவைக்கும் ஒரு சாம்ப்ளரில் போடுங்கள். 150 வேகத்தில் அது நொடிக்கு இரண்டரை முறை விழுகிறது. மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள்: ஐந்து, பத்து, பதினைந்து. இருபதைத் தாண்டும்போது காதால் அடிகளை எண்ண முடியாது, ஒரு கரகரத்த ஸ்வரம் கேட்கத் தொடங்கும். நொடிக்கு நூறு முறையை எட்டும்போது அது டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரத்தில் போய்ச் சேரும். தறியின் அடி அதை ஓட்டும் மின்சாரத்தின் ஸ்வரமாகவே மாறுகிற இந்த இடத்தை ஒரு படைப்பின் உச்சமாக வைக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களான ப்யூர் டேட்டாவிலோ சூப்பர்கொலைடரிலோ இதைச் செய்வது கடினமில்லை.

பதிவுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் இரைச்சலில் பாதிக்குப் போன்தான் காரணம் என்று நினைக்கிறேன். போன் மனிதப் பேச்சைப் பிடிக்கச் செய்யப்பட்டது. விடாமல் ஓடும் சத்தத்தைத் தேவையற்றது என்று அதுவே குறைக்கும், உரத்த அடி விழுந்தால் எல்லாவற்றையும் அமுக்கும். தறி இரண்டும்தான். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலி அளவு இரண்டையும் அணைக்க முடிகிற ஒரு செயலியில், வேவ் கோப்பாகப் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்த கோப்பு வேலைக்கு ஆகாது. முடிந்தால் ஜூம், டாஸ்காம் போன்ற சிறிய ரெக்கார்டர் ஒன்றை வாங்குங்கள். 32 பிட் ஃப்ளோட் வசதி உள்ள கருவிகளில் அளவைத் தவறவிட்டாலும் பிறகு மீட்கலாம், ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. தறிப்பட்டறையின் உள்ளே சத்தம் 90 டெசிபலை எளிதில் தாண்டும். காதுக்கு அடைப்பான் போடாமல் உள்ளே நிற்காதீர்கள். உங்கள் தொழிலுக்கு முதலீடே காதுதான். நாடா ஓடும் கோட்டுக்கு நேரே நிற்க வேண்டாம்: நாடா சில நேரம் பெட்டியை விட்டுப் பறந்து வெளியே வரும். மைக் கேபிள், துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

எல்லாத் தறிகளுக்கும் நடுவில் நின்று எடுத்த ஒரே பதிவில் முன்னும் பின்னும் இருக்காது, எல்லாம் ஒரே சுவராக நிற்கும். தூரத்தை உங்கள் கருவியாக்குங்கள். தறியிலிருந்து ஓரடி, பட்டறை வாசல், எதிர்த்திண்ணை, தெருமுனை, ஆற்றங்கரை என்று அதே ஒலியை ஐந்து இடங்களில் எடுங்கள். அருகில் உலோகமும் மரமும் தனித்தனியாகக் கேட்கும். வாசலில் கூர்மையான ஒலிகள் குறைந்து ஒரு கூட்டு ஓட்டம் கேட்கும். இரவில் நாலு சுவர் தாண்டினால் கூர்மை எல்லாம் போய் மந்தமான துடிப்பு மட்டும் வரும். ஃபில்டர் போட்டு இதைப் போலியாகச் செய்யலாம்தான். ஆனால் தெருமுனைப் பதிவில் நாய், மோட்டார் சைக்கிள், யாரோ யாரையோ கூப்பிடும் குரல் எல்லாம் கூடவே வரும். ஃபில்டரால் அவற்றைத் தர முடியாது. படைப்புக்குள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மெல்ல நகர்ந்தாலே கேட்பவர் நடக்கத் தொடங்கிவிடுவார்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், அதிர்வைப் பிடிக்கும் பீசோ வில்லையை வயரோடு பற்றவைத்துத் தறியின் இரும்புச் சட்டத்தில் ஒட்டினால், காற்றில் வராத ஒலிகள் வரும். காவிரிப் பாலத்தின் கைப்பிடியிலும் ஒட்டிப் பாருங்கள், லாரி ஏறும்போது பாலம் முழுக்கப் பேசும். கிட்டார் செருகுகிற உயர் மின்தடை உள்ளீட்டில்தான் அதைச் செருக வேண்டும், இல்லையென்றால் கீழ் ஒலிகள் காணாமல் போகும்.

பாலத்தைத் தாண்டினால் பவானி. அங்கே ஜமக்காளம் நெய்யும் கைத்தறிகள் இன்னும் இருக்கின்றன. ஆளின் கை கால் வேகத்தில் ஓடும் தறிக்கு நிலையான வேகம் கிடையாது: நூல் அறுந்தால் நிற்கும், பேசினால் தளரும், ஆள் மாறினால் நடையே மாறும். ஆற்றின் ஒரு கரையில் மின்சாரம் வகுக்கும் வேகம், மறு கரையில் உடம்பு வகுக்கும் வேகம். இரண்டையும் ஒரே படைப்பில் வைத்தால் எதையும் விளக்க வேண்டியதில்லை. நானாக இருந்தால் கைத்தறியில் எந்த எஃபெக்டும் போட மாட்டேன்.

பதிந்த ஒலியை எவ்வளவு மாற்றலாம் என்ற கேள்விக்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே இரண்டு பதில்கள் உண்டு. பிரெஞ்சு வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948-இல் பாரிஸின் பாத்தினோல் நிலையத்தில் ரயில் இன்ஜின்களைப் பதிவு செய்தார். டேப் கைக்கு வராத காலம். இசைத்தட்டின் ஒரு வரிப்பள்ளத்தை வட்டமாக மூடி, அதே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவைத்தார். இன்றைய லூப்பின் தாத்தா அதுதான். ரயிலை மறந்து ஒலியை மட்டும் கேட்க வேண்டும் என்பதே பின்னர் அவர் வற்புறுத்தியது. அதற்கும் நான்கு ஆண்டு முன்பே, 1944-இல், கெய்ரோவில் ஹலிம் அல்-தப் கம்பி ரெக்கார்டர் ஒன்றைக் கடன் வாங்கி ஸார் என்னும் சடங்கின் குரல்களைப் பதிந்து, எதிரொலி அறைகளில் மறுபதிவு செய்து, குரலின் ஓரங்களைத் தேய்த்து ஒரு படைப்பாக்கினார். இந்தக் கலை பாரிஸில்தான் பிறந்தது என்று எழுதுபவர்கள் அவரை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். நம் நாட்டிலும் துணி ஆலை நகரமான அகமதாபாத்தில், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரோடு ஒரு கூடம் அமைத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் அங்கே செய்த டேப்புகள் 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

மறுபக்கம் பிரெஞ்சு இசையமைப்பாளர் லூக் ஃபெராரி. குரோஷியாவின் கோர்ச்சுலா தீவில் வேலா லூகா என்ற மீன்பிடி ஊரில் தங்கி, விடியலில் ஊர் விழிப்பதைத் தொடர்ந்து பதிவு செய்தார். படகு மோட்டார், கழுதை, பெண்களின் பேச்சு, சிள்வண்டு. பல நாள் பதிவுகளை ஒரே விடியல்போல் சுருக்கி, 1970-இல் ஏறக்குறைய இருபது நிமிடப் படைப்பாக முடித்தார். வெட்டியதும் ஒட்டியதும் தெரியவே தெரியாது. சொந்த ஊரை வைத்துச் செய்பவருக்கு நான் ஃபெராரியின் பக்கம் நிற்கச் சொல்வேன். பியர் ஷேஃபரிடமிருந்து கைவேலையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். உதாரணமாக, ஒரு மணியொலியின் தொடக்கத் தட்டலை வெட்டிவிட்டால் அது மணி போலவே கேட்காது என்று அவர் கண்டறிந்தார். நாடா மோதும் அடியின் முதல் சில மில்லி நொடிகளை வெட்டிப் பாருங்கள். மீதி இருப்பது இரும்புச் சட்டத்தின் நீண்ட முனகல். அதைக் கிரானுலர் முறையில் 10 முதல் 100 மில்லி நொடித் துகள்களாக்கித் தூவினால், சிந்தசைசர் இல்லாமலே நீண்டு பரவும் ஒரு பேட் ஒலி கிடைக்கும். அது எங்கிருந்து வந்தது என்று உங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும்.

சிந்தசைசர் வேண்டுமென்றால் அதையும் பட்டறைக்குள் கொண்டுபோகலாம். தறிகள் நின்றிருக்கும் நேரத்தில் உள்ளே ஒரு பலூனை உடைத்து அந்த எதிரொலியைப் பதியுங்கள். ரீப்பர் என்ற இசை மென்பொருளில் உள்ள ரியாவெர்ப் (ReaVerb) என்ற கருவியில் அந்தப் பதிவைப் போட்டால், எந்த ஒலியும் அந்தப் பட்டறைக்குள் ஒலிப்பதுபோல் மாறும். ரீப்பரைப் பணம் கட்டுமுன் 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம்.

மனிதக் குரல்களில் கவனமாக இருங்கள். சந்தையில் விலை கூவுபவரின் குரலைச் சுருதி ஏற்றி விளையாட்டாக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இசையமைப்பாளர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1997-இல் டெல்லித் தெருவியாபாரிகளின் குரல்களை வைத்து அமைத்த படைப்பைத் தேடிக் கேளுங்கள். அந்த ஊருக்கு அந்நியர் என்ற உணர்வோடு அவர் காட்டும் பொறுமை கேட்கும்போதே தெரியும். உங்களுக்கு அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை இருக்கிறது, அதனால் கேட்டுவிட்டே பதியுங்கள். பட்டறையிலும் அப்படித்தான். கூலி, ஆய்வு என்று எதற்கோ ஆள் வந்திருக்கிறது என்ற சந்தேகம் வரும். ஹெட்போனை அவர்கள் காதில் வைத்துக் கேட்கக் கொடுங்கள். தங்கள் தறியைத் தனியாக அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். எந்தத் தறியில் எது தேய்ந்திருக்கிறது என்று ஒலியை வைத்தே அவர்கள் சொல்லிவிடுவார்கள், அது உங்களுக்குப் பாடம். இன்னொன்று: பட்டறையில் எஃப்.எம். ஓடினால் நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு இருந்தால் வெளியிடும்போது உரிமைச் சிக்கல் வரும், பிறகு அதைப் பிரித்தெடுக்கவும் முடியாது.

முதல் படைப்புக்கு ஒரு வடிவமும் சொல்கிறேன்: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. மின்சாரம் போகும் கணத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாகத் தளர்ந்து நிற்கும், ஐந்து கட்டை ரீங்காரமும் அறுந்துபோகும். அதுவரை அடியில் புதைந்திருந்த காகம், பாத்திரம், பேச்சு, ஆற்றுப்பக்கம் என்று ஊர் முழுக்க மேலே வரும். மாலையில் மின்சாரம் திரும்பும்போது எல்லாம் ஒன்றாகத் தொடங்காது. ஒவ்வொரு தறியையும் ஒருவர் கைப்பிடியை இழுத்து ஓடவைக்க வேண்டும் என்பதால், ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஒலி அடுக்கடுக்காகக் கட்டப்படும். மூன்று பகுதிகள், இரண்டு திருப்பங்கள் தயாராக இருக்கின்றன. உங்கள் வேலை ஒரு நாளை எட்டு நிமிடமாகச் சுருக்குவதும், இரண்டு தறிகளின் விலகலை நடுவில் வைப்பதும்தான். மின்தடை அறிவிப்பு முன்னதாகவே நாளிதழில் வரும். காலை 9 மணி என்று போட்டிருந்தால் 8.30-க்கே ரெக்கார்டரை வாசல் திண்ணையில் ஓடவிட்டுவிடுங்கள், புதிய பேட்டரியோடு. மாலையில் மின்சாரம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடலாம், எனவே மூன்று மணியிலிருந்து மறுபடி ஓடட்டும்.